பகை நாட்டுக்குப் பேரிடர் உதவி செய்வதால் யாருக்கு என்ன பயன்?

குடியாத்தத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "2023இல் துருக்கியில் பூகம்பம் வந்தபோது நம் மீட்புப் படையும் ராணுவ மருத்துவமனையும் அங்கே போய் உழைத்தன. 2025 மே மாதம் நமக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் மூண்டபோது துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. அப்படியிருக்க, நமக்கு ஆகாத நாட்டுக்கும் சண்டை போடும் அண்டை நாட்டுக்கும் ஏன் உதவ வேண்டும்? அதனால் எங்கேயாவது பகை தீர்ந்திருக்கிறதா?"

தம்பி, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேரிடர் உதவி ஒன்றினாலேயே இரண்டு நாடுகளின் பகை தீர்ந்தது என்று எனக்குத் தெரிந்து ஒரு உதாரணமும் இல்லை. ஆனாலும் உதவி செய்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் கிடையாது. வருவாய்த்துறையில் வேலை பார்த்து, பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் வந்த நாட்களில் நிவாரண முகாம் நடத்தியவன் நான். உதவி எப்படி வந்து சேர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அந்தப் பார்வையில்தான் எழுதுகிறேன்.

ஊரில் இதற்கு உடனே ஒரு பதில் சொல்வார்கள். பங்காளியோடு வரப்புத் தகராறு இருந்தாலும் அவன் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருக்கிறோமா என்பார்கள். நல்ல பதில்தான், ஆனால் போதாது. சாவு வீட்டுக்குப் போக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். நாடுகளின் கதை அப்படி இல்லை. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது படைப்பிரிவு இருப்பதால் அந்த ஆரஞ்சு உடை நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் ரப்பர் படகோடு அவர்கள் லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற அணி ஒன்று வெளிநாட்டுக்குப் போக வேண்டுமானால், முதலில் அந்த நாடு "வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் நாடுகள் வான்வழி தர வேண்டும். மோப்ப நாயும் கான்கிரீட் வெட்டும் கருவியும் செயற்கைக்கோள் தொலைபேசியும் சுங்கத்தில் நிற்காமல் போக வேண்டும். நம் டாக்டர் அங்கே கத்தி பிடிக்க அனுமதி வேண்டும். இதில் ஒன்று தட்டினாலும் ஒரு நாள் போய்விடும். இடிபாட்டில் சிக்கியவருக்கோ முதல் மூன்று நாள்தான் கணக்கு. அண்டை நாட்டு உதவிக்கு இருக்கும் பெரிய பலமே தூரம் குறைவு என்பதுதான். பகை முதலில் பறித்துக்கொள்வதும் அந்தப் பலத்தைத்தான்.

துருக்கி விஷயத்தைப் பார்ப்போம். 2023 பிப்ரவரி 6 அன்று 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாளே காசியாபாத்திலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் நம் அணிகள் கிளம்பின. இஸ்கெந்தெருன் நகரில் நம் ராணுவம் கள மருத்துவமனை அமைத்தது. காசியான்டெப் மாகாணத்தில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை நம் ஆட்கள் உயிரோடு வெளியே எடுத்தார்கள். உதவியின் பலன் அந்தக் குழந்தைதான். அந்தக் கணக்கு அந்த இடத்திலேயே நேராகிவிட்டது. 2025இல் துருக்கி அரசு எடுத்த நிலைப்பாடு எனக்கும் கசக்கிறது. அதற்குத் தூதரக வழியிலும் வணிக வழியிலும் பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்தக் கசப்பை 2023இன் கணக்கில் எழுதுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

உதவி பகையைத் தீர்த்தது என்று சொல்பவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது கிரேக்கத்தையும் துருக்கியையும். 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் இஸ்மித் பகுதியில் பூகம்பம், 17,000 பேருக்கு மேல் சாவு. கிரேக்க மீட்புப் படை ஓடி வந்தது. சரியாக மூன்றே வாரம், செப்டம்பர் 7 அன்று ஏதென்ஸில் பூகம்பம், 143 பேர் இறந்தார்கள். துருக்கியின் மீட்புக் குழு அங்கே போனது. இரண்டு நாட்டு மக்களும் ஒருவருக்காக ஒருவர் ரத்தம் கொடுக்க முன்வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்துக் காத்திருக்கும் வேட்பாளர் நாடாக ஏற்க கிரேக்கம் சம்மதித்தது. கேட்கும்போது பூகம்பம்தான் இரு நாட்டையும் சேர்த்து வைத்தது போலத் தோன்றும். ஆனால் கிரேக்க வெளியுறவு அமைச்சர் பாபாண்ட்ரூவும் துருக்கி வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஜெமும் பூகம்பத்துக்கு முன்பே, கொசோவோ போரில் தப்பி ஓடிய அகதிகளின் பிரச்சினையை ஒட்டிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதிகாரிகளின் பேச்சுவார்த்தை ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டது. யாரை அழைப்பது, எந்த எண்ணில் அழைப்பது என்பது ஆகஸ்டில் தெரிந்திருந்தது. பூகம்பம் செய்தது வேறு ஒரு வேலை: எதிரியோடு பேசுகிறாயா என்று சொந்த நாட்டில் எழக்கூடிய கூச்சலை அது அடக்கிக் கொடுத்தது. இரு நாட்டுக்கும் நடுவில் உள்ள ஏஜியன் கடல் பற்றிய தகராறு இன்றும் இருக்கிறது. 2020இல் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் முறைத்துக்கொண்டு நின்றன. அப்படி இருந்தும் 2023 பூகம்பத்துக்கு முதலில் வந்தவர்களில் கிரேக்கர்கள் இருந்தார்கள்.

நம் பக்கத்துக் கதை இன்னும் பாடமானது. 2001 ஜனவரி 26 புஜ் பூகம்பத்தின்போது பாகிஸ்தான் விமானத்தில் கூடாரமும் கம்பளியும் அனுப்பியது. பாகிஸ்தான் ஆட்சியாளர் முஷாரஃப் நம் பிரதமர் வாஜ்பாயியைத் தொலைபேசியில் அழைத்தார், ஜூலையில் ஆக்ரா உச்சி மாநாடு நடந்தது, ஒன்றும் தேறவில்லை. டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல்.

2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீர் பூகம்பம். பாகிஸ்தான் பக்கம் 73,000 பேருக்கு மேல் போனார்கள், நம் பக்கமும் ஆயிரத்துக்கு மேல். மலைக் கிராமங்களுக்குச் சாலை இல்லை, ஹெலிகாப்டர் ஒன்றுதான் வழி. நம்மிடம் ஹெலிகாப்டர் இருந்தது, அதுவும் பக்கத்திலேயே. கொடுக்கிறோம் என்றோம். ஹெலிகாப்டர் வேண்டும், ஆனால் உங்கள் விமானிகள் வேண்டாம் என்றது பாகிஸ்தான். விமானி இல்லாமல் தர முடியாது என்றோம். இரண்டு பக்கமும் ராணுவக் காரணம் இருந்தது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில் மலையில் காயத்தோடு கிடந்தவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க இரு நாடும் ஒப்புக்கொண்டு, முதல் இடம் திறந்தபோது நவம்பர் 7 ஆகிவிட்டது. உயிர் காக்கும் காலம் முடிந்து, குளிர்காலம் தொடங்கும் நேரம் அது.

ஆனால் அப்படித் திறந்த முதல் இடம் பூஞ்ச் அருகே உள்ள சக்கான்-தா-பாக். அந்த வாசலுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். 2006 ஜூனில் அதே வழியாகப் பூஞ்ச், ராவலாகோட் ஊர்களுக்கிடையே பேருந்து ஓடத் தொடங்கியது. பிரிவினையில் பிரிந்த அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். மும்பை ரயில் குண்டுவெடிப்பு நடந்தும் அது மூடப்படவில்லை. 2008 அக்டோபரில் அதே வாசல் வழியாக லாரிகளில் சரக்கு போக ஆரம்பித்தது. அடுத்த மாதமே மும்பையில் நவம்பர் 26 தாக்குதல் நடந்தது. அந்த வணிகம் அதையும் தாண்டி, 2019 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைக்கும்வரை நடந்தது. நிவாரணத்துக்காகத் தட்டுத்தடுமாறித் திறந்த ஒரு வாசலில், இறுகிய காலங்களிலும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் மக்களும் சரக்கும் போய் வந்தன. உதவியால் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் என் பதில் இதுதான். நட்பு மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது. பாதை மிஞ்சும். அதில் யாராவது தொடர்ந்து நடந்தால்தான் அதுவும் இருக்கும்.

ஆர்மீனியாவும் துருக்கியும் 1993 முதல் எல்லையை மூடி வைத்திருந்த நாடுகள். 2023 பிப்ரவரியில் மர்காரா பாலம் வழியாக ஐந்து லாரி நிவாரணப் பொருட்கள் ஆர்மீனியாவிலிருந்து போயின. முப்பது ஆண்டில் முதல் முறை. பிறகு அந்தப் பாலம் வழக்கமான போக்குவரத்துக்குத் திறந்துவிடவில்லை. பாலம் இருக்கிறது, வாகனம் தாங்கும், இரு பக்கக் காவலரும் பேசிக்கொள்ள முடியும் என்பது மட்டும் உறுதியாயிற்று.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பேரிடர் உதவி என்றதும் அரிசி மூட்டையும் விமானமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால் மிகச் சிறந்த உதவி, செலவே இல்லாத உதவி, "தண்ணீர் திறக்கிறோம்" என்ற தகவல்தான். பொன்னையாறு ஆந்திரத்தில் பிறந்து வருகிறது. சித்தூர் மாவட்டத்தில் கலவகுண்டா அணை நிரம்பித் திறந்தால், தண்ணீர் பொன்னை அணைக்கட்டுக்கு வந்து, திருவலத்தைக் கடந்து பாலாற்றில் கலக்கும். அணையைத் திறக்கும் முன் அங்கிருந்து இங்கே தகவல் வரும். தகவல் வந்ததும் தாசில்தார் ஆபீஸிலிருந்து வி.ஏ.ஓ.க்களுக்குப் போன், கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி, தண்டோரா, பள்ளிக்கூடத்தைத் திறந்து முகாம், ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவது. இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் உயிர் ஒன்றும் போகாது. தெரியாவிட்டால் ஆற்றுக்குள் மேய்ச்சலுக்குப் போனவரையும் மணலில் படுத்திருப்பவரையும் காப்பாற்ற எந்தப் படையாலும் முடியாது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் பாலாற்றுத் தண்ணீர் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஆறு என்றால் மணல் என்றே நினைத்து வளர்ந்த ஒரு தலைமுறை அன்றுதான் பாலாற்றைப் பார்த்தது. அந்த வெள்ளங்களுக்குப் பிறகு டிசம்பரில் முகுந்தராயபுரம், திருவலம் இடையே பொன்னையாற்று ரயில் பாலத்தில் சேதம் தெரிந்து, ரயில்கள் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும்.

இதே பாலாற்றில் ஆந்திரம் தடுப்பணை கட்டுவது பற்றி 2006 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. புல்லூர்த் தடுப்பணை உயர்த்தப்பட்டபோது வாணியம்பாடிப் பக்கம் எவ்வளவு கொதிப்பு இருந்தது என்பதும் தெரிந்ததே. ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரே மாவட்டம். 1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர்தான் வட ஆற்காட்டுக்கே தலைமையிடம். இன்று வழக்கு நடக்கிறது, தகவலும் வருகிறது. வழக்கு முடியட்டும், அப்புறம் சொல்கிறோம் என்று யாரும் இருப்பதில்லை. ஒரே நாட்டுக்குள் இது முடிகிறது.

நாடுகளுக்கு இடையேயும் இது முடியும் என்பதற்கு 2025 ஆகஸ்ட் சாட்சி. பஹல்காம் படுகொலைக்குப் பின் ஏப்ரலில் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. மே மாதம் சண்டை. ஒப்பந்தப்படி வெள்ளத் தகவல் பரிமாறும் வழியும் அதோடு நின்றது. ஆகஸ்டில் ஜம்முவில் தாவி ஆறு பெருக்கெடுத்தபோது, இஸ்லாமாபாத்தில் உள்ள நம் தூதரகம் வழியாக, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, பாகிஸ்தானுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுத்தோம். அந்த முடிவை எடுத்த அதிகாரிகளை நான் மனதார வணங்குகிறேன். தாவி ஆற்றில் அடித்துப் போகவிருந்தவர் விவசாயி, பஹல்காமில் சுட்டவர் அல்ல.

தகவல் நின்றால் என்ன ஆகும் என்பதை வங்கதேச வெள்ளத்தில் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த சூட்டோடு, ஃபெனி மாவட்டம் மூழ்கியது. திரிபுராவில் தும்பூர் அணையை இந்தியா வேண்டுமென்றே திறந்துவிட்டது என்று அங்கே தெருவில் பேச்சு கிளம்பியது. அணை எல்லையிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, ஆகஸ்ட் 21 மதியம் மூன்று மணிவரை நீர்மட்டத் தகவலைக் கொடுத்தோம், மாலையில் வெள்ளத்தால் மின்சாரம் போய்த் தொடர்பு அறுந்தது என்று நம் வெளியுறவு அமைச்சகம் விளக்கம் சொன்னது. சில மணி நேரம் தொடர்பு அறுந்தது, இரு நாட்டு மக்களிடையே அவ்வளவு வெறுப்பு ஏறிவிட்டது. வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி காந்தி ரோடு லாட்ஜ்களிலும் மருந்துக் கடைகளிலும் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆட்சி மாற்றத்துக்குப் பின் விசா சுருங்கியபோது அந்த வரவும் சுருங்கியது. 2025 ஜூலையில் டாக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீது போர் விமானம் விழுந்து குழந்தைகள் கருகியபோது, உறவு இன்னும் சரியாகாத நிலையிலும், டெல்லியிலிருந்து தீக்காய மருத்துவர்களும் செவிலியரும் கருவிகளோடு போனார்கள். பெரிய கப்பல் இல்லை, பெரிய விளம்பரம் இல்லை. அங்கே அப்போது தேவைப்பட்டது தீக்காயம் தெரிந்த கைகள், அவை போய்ச் சேர்ந்தன. என் மனதுக்கு மிகவும் பிடித்த உதவி அது.

எல்லா உதவியும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் படகுகள் அனுப்பினோம், இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் போர் விமானங்கள் காவலோடு நம் விமானப்படை 25 டன் பொருட்களை வானிலிருந்து போட்டது. முற்றுகையில் பட்டினி கிடந்த தமிழர்களுக்காக அன்று நம் ஊர்களில் எல்லோர் நெஞ்சும் துடித்தது, அது பொய்யில்லை. ஆனாலும் அது கொழும்புக்கு அனுப்பிய எச்சரிக்கையும்கூட. அனுமதி இல்லாமல் வரும் அரிசியைப் பெறும் நாட்டு அரசு படையெடுப்பாகத்தான் பார்க்கும். அதோடு 2022ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளாதாரம் நொறுங்கி இலங்கையில் பால் பவுடருக்கும் மருந்துக்கும் வரிசை நின்றபோது, தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரல் 29 அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள். முதலில் அங்குள்ள தமிழர்களுக்கு என்று தொடங்கிய யோசனை, தீர்மானமாகும்போது இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று விரிந்தது. மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல். மத்திய அரசின் அனுமதியோடும், கொழும்பின் சம்மதத்தோடும். மேல்மொணவூர் முகாமில் நாற்பது ஆண்டு வேதனையைச் சுமந்து இலங்கைத் தமிழர்கள் வாழும் மாவட்டம் இது. அவர்களுக்குப் புது வீடு கட்ட 2021 நவம்பரில் அங்கே அடிக்கல் நாட்டிய அதே அரசுதான், சில மாதத்தில் சிங்களக் குழந்தைக்கும் பால் பவுடர் அனுப்பியது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று, இது நமக்கே உறைக்க வேண்டியது. கொடுப்பதில் நமக்கு இருக்கும் கை, வாங்குவதில் இல்லை. 2004 சுனாமியில் நாமே அடிபட்டிருந்தும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பினோம், அது பெருமை. அப்போதே வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்றும் சொன்னோம். 2018 கேரள வெள்ளத்திலும் அதே நிலை. 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் தவித்தபோது பல நாடுகளிடமிருந்து வாங்கினோம். ஆனால் கராச்சியிலிருந்து எதி அறக்கட்டளை 50 ஆம்புலன்ஸோடு வருகிறேன் என்றது, அவை எல்லை தாண்டவில்லை. 2010 வெள்ளத்தில் நாம் கொடுக்க முன்வந்த 50 லட்சம் டாலரை ஏற்க பாகிஸ்தான் நாள் கணக்கில் தயங்கியபோது நமக்குக் கோபம் வந்தது. அந்தத் தயக்கம் நம்மிடமும் இருக்கிறது. வாங்குகிறவருக்குத் தாழ்வு என்ற எண்ணம் இருக்கும்வரை கொடுப்பதிலும் கறை இருக்கும்.

ஆகவே தம்பி, யாருக்கு உதவலாம், யாருக்குக் கூடாது என்று பட்டியல் போடுவதில் உங்கள் கோபத்தைச் செலவழிக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைச் சிதைத்தபோது, அங்கே போக வேண்டிய பாகிஸ்தான் நிவாரண விமானத்துக்கு இந்திய வான்வழி கிடைப்பதில் தாமதம் என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள். கேட்ட அன்றே கொடுத்துவிட்டோம் என்று நாம் மறுத்தோம். இந்த வாதமே எழாமல் இருக்க ஒரு வழி உண்டு. நிவாரண விமானம் என்று அறிவித்தால் இத்தனை மணி நேரத்துக்குள் அனுமதி என்று தெற்காசிய நாடுகள் அமைதிக் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்று நீர்மட்டத் தகவல் எந்த ஒப்பந்தம் நின்றாலும் நிற்காது என்று தனியாக எழுத வேண்டும். தீக்காயம், பூகம்பம் போன்றவற்றில் காயம்பட்டோருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் எல்லையிலேயே மருத்துவ விசா கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டியவை இவை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கேளுங்கள்.